பேஸ் கிட்டாருக்கு ஒரு ஊளைப்பெட்டி

எங்கள் கச்சேரிக் குழுவில் ஐந்து பேர். கீபோர்டு ஒருவர், டிரம்ஸ் ஒருவர், பாடுவதற்கு ஆணும் பெண்ணுமாக இருவர், கடைசியாக நான். என் கையில் இருப்பது பேஸ் கிட்டார். நாலு தடித்த கம்பி, நீண்ட கழுத்து. கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதைத்தான். நான் கம்பியைச் சுண்டுவதைப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்பார்கள், பிறகு என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு டிரம்ஸ் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். கம்பி ஆடுகிறது, சத்தம் வரவில்லை, இந்த ஆள் சும்மா நடிக்கிறான் என்று அவர்களுக்கு எண்ணம்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் ஓடுவது. அதன்மேல் நின்றுகொண்டு மற்றவர்கள் ஆடுவார்கள், பாடுவார்கள், கைதட்டல் வாங்குவார்கள். கைதட்டும்போது நானும் தலையைக் குனிந்துகொள்வேன், யார் கண்டது, அதில் ஒரு தட்டு எனக்கும் இருக்கலாம்.

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. பெயிண்ட், ஆணி, குழாய், தாழ்ப்பாள் விற்பது பிழைப்பு. முகூர்த்த நாட்களில் வாசிப்பது ஆசை. வீடு தறிக்காரத் தெருவில். வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு என் மனைவி ஆறு விசைத்தறி ஓட்டுகிறாள். அவள் பிறந்த வீட்டுத் தொழில் அது. துணைக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். காலையில் ஸ்விட்சைப் போட்டால் மாலை வரைக்கும் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ரகசியம் பேச முடியாது. காதோடு காதாகச் சொல்ல வேண்டியதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகிறது. சுற்றுவட்டாரத்தில் நான் வாசித்த கச்சேரிகளில் பாதிக்காவது அவள் வந்திருப்பாள். திரும்பும்போது பைக்கில் கேட்பேன், எப்படி இருந்தது என்று. நல்லா இருந்துச்சு என்பாள். நானும் அதை நம்பி, வீடு வரும்வரை மெதுவாக வண்டி ஓட்டுவேன். போன வருஷம் குருவிகுளத்தில் ஒரு கிரகப்பிரவேசம். அன்று இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் நான் புதிதாக ஒரு சுர ஓட்டம் போட்டிருந்தேன். கீபோர்டுக்காரரே திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தெம்பில், வரும் வழியில் வழக்கத்தைவிட ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுத் தொலைத்தேன்.

“ரெண்டாவது பாட்டுல நான் போட்டதைக் கேட்டியா?”

கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் போயிருப்போம்.

“பொய் சொல்ல மாட்டேன்,” என்றாள். “அத்தனை சத்தத்துல எது உங்க சத்தம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்க ஆசையாக் கேக்கிய. நல்லா இருந்துச்சுன்னு சொல்லிருதேன்.”

அவள் குரலில் கிண்டல் இருந்திருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளுக்கே அது சங்கடமாக இருந்தது, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர் கேட்க வேண்டாம், பிள்ளைகள் கேட்க வேண்டாம். கூடவே வாழ்கிறவள், அவளுக்குமா தெரியாது? அன்றைக்கு வைராக்கியமாக முடிவு செய்தேன். என்ன பாடு பட்டாவது ஒருநாள், ஒரே ஒருநாள், இதுதான் உங்கள் சத்தம் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த வைராக்கியத்தோடு செல்போனைக் கையில் எடுத்தவனுக்கு வழி காட்டியது ஒரு வீடியோ. கேரளத்தில் ஒருவர் வீட்டிலேயே கையால் செய்து விற்கிற ஃபஸ் பெடல் அது. கிட்டாரின் வயரை முதலில் அந்தப் பெட்டியில் செருகி, அதிலிருந்துதான் ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோக வேண்டும். காலால் ஒரு பொத்தானை அமுக்கினால் கம்பியின் சத்தம் கரகரத்துத் தடித்து, தொண்டை கட்டியவன் கோபப்பட்டதுபோல வரும். இது எல்லா ஃபஸ்ஸும் செய்கிற வேலை. இந்தப் பெட்டியில் இன்னொரு பொத்தான் இருந்தது. அதை மிதித்துக்கொண்டே இருந்தால், வெளியே போகிற சத்தத்தில் ஒரு பங்கு மறுபடியும் பெட்டிக்குள்ளேயே போகும். தன் சத்தத்தைத் தானே விழுங்கித் தானே கத்தும். கம்பியைத் தொடவே வேண்டாம். திருகைத் திருப்பத் திருப்ப, உறுமலில் ஆரம்பித்து முனகி, ஊளையிட்டு, விசில்வரைக்கும் ஏறும். வீடியோவில் அந்த ஆள் மிதித்ததும் எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. இதைக் கேட்டுமா ஒருத்திக்கு எது என் சத்தம் என்று தெரியாமல் போய்விடும்?

கூரியர் கடைக்கே வந்தது. வெள்ளை சிமென்ட் வாங்க வந்திருந்த கொத்தனாரைக் காக்க வைத்துவிட்டுப் பிரித்தேன். உள்ளங்கை அகலத்தில் கனத்த இரும்புப் பெட்டி, நாலு திருகு, இரண்டு பொத்தான். கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

“மோட்டாருக்கு டைமரா அண்ணாச்சி?”

“கிட்டாருக்கு.”

“கிட்டார் எதுக்குத் தானா ஆஃப் ஆகணும்?” என்று கேட்டார். விளக்க எனக்குப் பொறுமையில்லை. சிமென்ட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஷட்டரை இறக்கினேன்.

வீட்டில் ஷெட்டை ஒட்டிய அறையில் என் சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு தறியும் முழு வேகத்தில். பெட்டியை மாட்டி, முதல் பொத்தானை அமுக்கி, தடித்த கம்பியைச் சுண்டினேன். கரகரப்பு வந்தது என்பது விரலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. தறிச் சத்தத்தில் அதுவும் ஒரு தறியாகக் கலந்துவிட்டது. ஒரு திருகு நம் பழைய சத்தத்தையும் கூடக் கலந்துவிடுவதற்கு. அதைப் பாதிக்கு வைத்தேன், கம்பியின் அடிச்சத்தம் திரும்பி வந்தது. மற்றத் திருகுகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். எதுவும் போதவில்லை. சரி வருவது வரட்டும் என்று இரண்டாவது பொத்தானை மிதித்தேன்.

முதலில் தரை உறுமியது. பிறகு அது எழுந்தது. அறைக்குள் ஒரு மிருகம் நுழைந்துவிட்டதுபோல இருந்தது, அதுவும் நான் சொன்னபடி கேட்கிற மிருகம். திருகை வலப்பக்கம் தள்ளினால் கீச்சென்று உச்சிக்குப் போனது, இடப்பக்கம் திருப்பினால் முணுமுணுத்துக்கொண்டே வந்து காலடியில் படுத்தது. நாற்பத்தேழு வயதில் தனியாக ஓர் அறையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். எவ்வளவு நேரம் அப்படி மிதித்தும் விட்டும் விளையாடினேன் என்று தெரியாது. கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தபோது கையில் எண்ணெய்க்குப்பி இருந்தது, முகமெல்லாம் வேர்வை.

“இங்கன என்ன செய்திய? அங்கன ஒரு தறி மோட்டாரு போயிட்டு. நாலுக்கு எண்ணெய் விட்டாச்சு, கீச்சு நிக்க மாட்டேங்குது. மெக்கானிக்குக்குப் போன் போட்டிருக்கேன். பேரிங்கு தேஞ்சிருக்கும்.”

“எந்த மோட்டார்?”

“அதான் தெரியல. நம்ம போயி குனிஞ்சு கேட்டா நின்னுருது, நிமிந்தா மறுபடியும் கத்துது.”

நான் பொத்தானை மிதித்தேன். ஊளை எழுந்தது. காலை எடுத்தேன், நின்றது. அவள் பெட்டியைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள்.

“இந்த ஊளைக்கா இத்தனை நாளா கூரியரை எதிர்பார்த்துக்கிட்டு இருந்திய?” என்று தொடங்கினாள். பிறகு சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. நாலு தறிக்கு வீணாக எண்ணெய் விட்டவளுக்கு அதற்கு உரிமை உண்டு. அவள் திட்டியது எதுவும் எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் உண்மை. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக நான் எழுப்பிய ஒரு சத்தம் ஆறு தறியைத் தாண்டி அவள் காதுக்குப் போயிருக்கிறது. அவளை எழுந்து நடக்க வைத்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மெக்கானிக் வந்தார். டீ கொடுத்து, காரணம் சொல்லாமல் அனுப்பி வைத்தோம்.

அடுத்த வாரம் சிவகிரியில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா மகளுக்குக் கல்யாணம், எங்கள் குழுதான் கச்சேரி. அவள் மேடைக்கு முன்னாலேயே உட்கார்ந்தாக வேண்டிய கல்யாணம். இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்காது என்று, ஒத்திகையில் பெட்டியைக் கீபோர்டுக்காரர் முன்னால் வைத்து மிதித்துக் காட்டினேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். பின்வாங்கி நின்றார்.

“வே, கல்யாண வீட்டுக்குள்ள நரியைக் கொண்டாந்து விடப் போறீரா?”

“ஒரே ஒரு தடவை. மூணாவது பாட்டுல, பல்லவி முடிஞ்சு சரணம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால. பத்து செகண்டு.”

“இன்னொரு தடவை மிதிச்சுக் காட்டும்,” என்றார். காட்டினேன். மூன்றாவது தடவை அவரே காலை வைத்து மிதித்தார். பிறகு எதிர்ப்பே இல்லை. டிரம்ஸ்காரர் அந்த இடத்தில் தான் என்ன செய்வதென்று பேசி வைத்துக்கொண்டார், பாடுகிற இருவரும் எப்போது திரும்ப நுழைவதென்று எண்ணி வைத்துக்கொண்டார்கள். எல்லோரிடமும் சொன்ன நான் ஓர் ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. ராயகிரியிலிருந்து சவுண்ட் செட் கொண்டுவருகிற அண்ணாச்சியிடம். அவர் வாசிக்கிறவர் இல்லையே என்ற திமிர்தான், வேறென்ன.

எங்கள் பக்கத்தில் சவுண்ட் செட் போடுகிறவர்களுக்கு விசில் என்றால் ஆகாது. மைக் ஸ்பீக்கருக்கு நேரே போய்விட்டால் கூவுமே, அது ஒருமுறை கூவிவிட்டால் அந்தத் தெருவே செட்டுக்காரரைத்தான் திரும்பிப் பார்க்கும். அதனால் எங்கே கீச்சென்று கேட்டாலும் அவர்கள் கை யோசிக்காமல் எல்லா மைக்கும் வாத்தியமும் வந்து சேருகிற மிக்சர் பெட்டிக்குப் போய், சத்தம் நிற்கும்வரை ஒவ்வொரு குமிழாக இறக்கும். அண்ணாச்சிக்கு இந்தத் தொழிலில் முப்பது வருஷம். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடது கையால் இறக்கிவிடுவார்.

தாலி கட்டி முடிந்து, பந்தி போட்டு, கச்சேரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. இரண்டு பாட்டு போனது. அவள் இரண்டாவது வரிசையில், பட்டுச்சேலையில், சொந்தக்காரப் பெண்களுக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டு. பல்லவி முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன்.

உறுமல் தரையோடு போய் மண்டபத்தின் பின்சுவரைத் தொட்டது. திருகைக் கால் கட்டைவிரலால் தள்ளினேன், எழுந்தது, ஊளையிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நொடியில், வாசல் பக்கம் மிக்சர் முன்னால் இருந்த அண்ணாச்சி துள்ளி எழுந்ததைக் கண்டேன். பாட்டுக்காரரின் மைக்கை இறக்கினார். பாட்டுக்காரியின் மைக்கை இறக்கினார். ஊளை நிற்கவில்லை. மூன்றாவதாக என்னை இறக்கினார். நின்றது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஏற்றிவிட்டு, என்னை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மேடையில் எனக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பேஸ் நேரே மிக்சருக்குப் போய்த்தான் வெளியே வரும். அவர் இறக்கினால் நான் இல்லை. சரணம் ஆரம்பித்தது, நான் பெட்டியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சுண்டிக்கொண்டே அண்ணாச்சிக்குச் சைகை காட்டினேன். எல்லாம் சரியாகிவிட்டது, பயப்படாதே என்று அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்து, பிரமாதம் என்று கண்ணடித்தார். டிரம்ஸ்காரர் தன்பாட்டுக்கு அடித்தார். மண்டபத்தில் நானூறு பேர் இருந்திருப்பார்கள். ஒரு ஆள் கூட நான் இல்லாததைக் கவனிக்கவில்லை. கம்பி ஆடுகிறது, சத்தம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் இத்தனை வருஷமாக நினைத்தது இன்று நிஜமாகவே ஆகிவிட்டது. அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்திக்குப் போகலாமா என்று நினைத்தேன்.

அப்போது இரண்டாவது வரிசையில் அவள் பேச்சை நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டதற்குக் கையமர்த்திவிட்டு எழுந்தாள். மேடையை ஒரு பார்வை பார்த்தாள், கீபோர்டு, டிரம்ஸ், பாடுகிறவர்கள் என்று ஒவ்வொருவராக. பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே வாசல் பக்கம் நடந்தாள். அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதை அண்ணாச்சி பிறகு என்னிடம் சொன்னார்.

“அண்ணாச்சி, ஏதோ ஒண்ணு நின்னு போச்சு.”

“எல்லாம் ஓடுதேம்மா.”

“இல்ல. அடியில தும்தும்னு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது நின்னுட்டு. எதையோ அமத்திட்டிய.”

“விசிலு கத்துச்சு, அதான் அமத்தினேன்.”

“விசிலை அமத்துங்க. அதை ஏன் அமத்தினிய? ஏத்துங்க.”

அவர் ஏற்றினார். சரணத்தின் நடுவில் என் நாலு கம்பியும் உயிரோடு மண்டபத்துக்குள் வந்து இறங்கின. அந்த மாதிரி நான் வாசித்ததே இல்லை. அவள் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். பாதி வழியில் நின்றாள். திரும்பினாள். நான் ஒரு சுண்டு சுண்டினேன், அவள் என் விரலைப் பார்த்தாள். இன்னொரு சுண்டு. கண்கள் விரிந்தன. நானூறு பேருக்கு நடுவே, பந்திக்கு வாளியோடு போகிறவர்களுக்கு வழி விடாமல், வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கூட்டு வந்ததும் என் பக்கம் சாய்ந்தாள்.

“அதுதானா?” என்றாள்.

“அதேதான்.”

“அதை நான் எல்லாக் கச்சேரியிலயும் கேட்டிருக்கேனே. உங்களுதுன்னு யாருக்குத் தெரியும்? பாட்டே அப்படித்தான் ஓடும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நின்னது உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“நல்லா கேட்டிய. ஆறு தறி ஓடையில ஒண்ணுல நூலு அறுந்தா, திரும்பிப் பாக்காமலேயே சொல்லணும்லா? இல்லாட்டி எப்படித் தறி ஓட்டுறது?”

அப்பளத்தை நொறுக்கி என் இலையில் பாதி வைத்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அண்ணாச்சி வந்து, முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி என்று கோபித்தார். தப்பு முழுக்க என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். அடுத்த கச்சேரியிலிருந்து ஊளை எங்கே வரும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அப்படியும் அவருக்கு வேர்க்கும்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை பத்தரைக்குக் கடைக்குப் போன் செய்தாள். வீட்டுக்கு வாங்க, உடனே. என்னவோ ஏதோ என்று ஓடினேன். நான் நுழைந்ததும் ஷெட்டுக்குள் போய் ஸ்விட்சை அணைத்தாள். ஆறு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இரண்டு பெண்களும் டீ குடிக்கப் போனார்கள். வேலை நாளில் அவள் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை, காய்ச்சலில்கூட ஓட்டியிருக்கிறாள். நூற்கண்டுப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வாசிங்க. ஊளையில்லாம முதல்ல.”

வாசித்தேன். கீபோர்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை. அடியில் ஓடுவது மட்டும் தனியாக. அவள் கையை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். குருவிகுளத்தில் போட்ட ஓட்டத்தைப் போட்டேன், மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு ஊளைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே மிதித்தாள். நான் சுண்டச் சுண்ட, அவள் திருகைத் திருப்பித் திருப்பி உறுமவும் முனகவும் வைத்தாள். என்னைவிடக் கை பதமாக இருந்தது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தறி நின்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. ஷெட் வாசலில் தலை நீட்டினார்.

“என்ன மைனி, கரண்டு போயிட்டா?”

அவள் காலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள்.

“கரண்டெல்லாம் இருக்கு,” என்றாள். “அவுக வாசிக்காக. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”